உடைந்த மெனிபோல்ட் ஸ்டட்: அவசரப்படாமல் கழற்றுவது எப்படி?

(வாகனத் தொழில் பழகும் தம்பிமாருக்கான பாடம்)

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று டவுன் கராஜ்களில் வேலை பழகுகிறார்கள். சிலர் ரோட்டோரத்தில் சொந்தமாகவே ஒரு தகரக் கொட்டில் போட்டுத் திரீவீலரும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கிறார்கள். அவர்களிடம் எப்போதாவது ஒரு பழைய கார் வந்து நிற்கும். நம் மலைநாட்டில் அது அநேகமாக மொரிஸ் மைனராக இருக்கும்.

இந்தக் கார் இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1956இல் 948 சீ.சீ. எஞ்சினோடு 'மைனர் 1000' வந்தது. 1962இல் அது 1098 சீ.சீ. ஆனது. 1970களின் தொடக்கத்தோடு இதன் உற்பத்தி நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் நமது நாட்டிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் புதுக் கார் காண்பதே அருமை. இருந்ததைத் தட்டி, ஒட்டி, திரும்பத் திரும்பச் செய்து ஓட்டப் பழகினோம். அதனால்தான் இன்றும் அவை ஓடுகின்றன.

இப்படிப்பட்ட காரில் கைவைக்கும் ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய தொல்லை ஒன்று இருக்கிறது. அதுதான் எக்சோஸ்ட் மெனிபோல்ட் ஸ்டட் உடைவது. இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம். அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

நான் செய்த பிழை

1980களில் நான் ஒரு கராஜில் வேலை பழகினேன். பதினெட்டு வயது. ஒருநாள் பாஸ் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். ஒரு மொரிஸ் மைனரின் மெனிபோல்ட் கெஸ்கட் மாற்ற வேண்டும். "நான் வர்ற வரைக்கும் நட்டுக்கு எண்ணெய் மட்டும் விட்டு வை, கைவைக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்கவில்லை. அவர் வருவதற்குள் கழற்றிக் காட்டினால் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

கையில் கிடைத்தது 13 மில்லிமீற்றர் ஸ்பேனர். கொஞ்சம் லூசாகத்தான் இருந்தது. இழுத்தேன். நட்டின் மூலை தேய்ந்தது. வைஸ்கிரிப்பால் பிடித்து, அதற்கு ஒரு பைப்பும் போட்டு அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். நட் சுற்றியது. நட்டோடு ஸ்டட்டின் பாதியும் கையில் வந்தது. மீதி ஹெட்டுக்குள்ளே.

பயந்துபோனேன். பாஸ் ஏசுவார், சம்பளத்தில் வெட்டுவார்கள், வேலையே போய்விடும் என்று மனசு அடித்துக்கொண்டது. மற்ற நட்டுகளை அப்படியே இறுக்கி, உடைந்த இடத்தில் சைலன்சருக்குப் பூசும் பேஸ்டை அப்பி, மேலே கறுப்பு ஒயிலைத் தடவி மறைத்தேன். பாஸ் வந்ததும் "எல்லாம் சரி பாஸ்" என்றேன். அன்று மாலையே கார் போய்விட்டது.

அன்று இரவு மழை. லயத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி. அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். பாதி வழியிலேயே மாமியாருக்கு வாந்தி. டிரைவருக்குத் தலை கிறுகிறுத்தது. வளைவு ரோடு, அதனால்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். முன்கண்ணாடி ஆவி பிடித்து மறைத்ததால் டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கியிருக்கிறார். குளிர்காற்று பட்டதும் கொஞ்சம் தெளிவு வந்ததாம். பிறகு அப்படியே திறந்து வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தாயும் பிள்ளையும் நல்லபடி பிழைத்தார்கள்.

மறுநாள் காலை டிரைவர் வந்தார். "பாஸ், வண்டிக்குள்ள பொகை வாடை வருதுங்க. எனக்கு இன்னமும் தலை இடிக்குது" என்றார். பாஸ் பொனெட்டைத் தூக்கினார். பேஸ்ட் வெடித்து விழுந்திருந்தது. ஹெட்டின் பக்கம் முழுக்க கரி. என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிக்கவில்லை. "ஸ்டட் ஒடையறது குத்தமில்லடா தம்பி. எனக்கும் ஒடஞ்சிருக்கு. ஒடஞ்சத மறைச்சியே, அதுதான் குத்தம்" என்றார். அன்று முழுநாளும் பக்கத்தில் நிறுத்தி அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தப் பாடம். பின்னாளில் நான் கற்றதையும் சேர்த்திருக்கிறேன்.

இந்த ஸ்டட்டின் வேலை என்ன?

எஞ்சினுக்குள் பெற்றோல் எரிந்து வரும் சூடான புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்தான் எக்சோஸ்ட் மெனிபோல்ட். அதை சிலிண்டர் ஹெட்டோடு இறுக்கிப் பிடிப்பவை ஸ்டட்டுகள். ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். இரண்டு முனையிலும் மரை இருக்கும். ஒரு முனை ஹெட்டுக்குள், மறுமுனையில் வொஷரும் நட்டும்.

மைனரில் புகை போகும் மெனிபோல்டும் கார்புரேட்டரிலிருந்து பெற்றோல் கலவை வரும் மெனிபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஸ்டட்டுகளில் பல, ஒரு பெரிய தடித்த வொஷரின் மூலம் இரண்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஆகவே ஒரு ஸ்டட் போனால் இரண்டு நட்டம் வரலாம். ஒருபக்கம் புகை வெளியே கசியும். மறுபக்கம் காற்று உள்ளே இழுபட்டு, ஐடிலில் எஞ்சின் நடுங்கும்.

புகை கசிவதைச் சத்தப் பிரச்சினையாக மட்டும் நினைக்காதீர்கள். பெற்றோல் எஞ்சின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அந்த ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிக வலுவாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் உடம்புக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போகிறது. தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, களைப்பு, தூக்கம், பிறகு மயக்கம், அதிகமானால் மரணம். கர்ப்பிணித் தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் கூட. புகை வாடை வந்தால் அதோடு இந்த வாயுவும் வருகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாடை இல்லாவிட்டாலும், காரில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சுகம் என்று யாராவது சொன்னால் முதலில் மெனிபோல்டையும் சைலன்சரையும் பாருங்கள். மயங்கியவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஏன் உடைகிறது?

மூன்று காரணங்கள். முதலாவது சூடு. மெனிபோல்ட் பல நூறு பாகை சூடேறுகிறது, பிறகு குளிர்கிறது. சூட்டில் அது ஹெட்டைவிட அதிகமாக நீளும். அப்போது இரண்டு கரையிலுமுள்ள ஸ்டட்டுகள் பக்கவாட்டில் இழுபடும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் எந்த இரும்பும் களைத்துப்போகும். கரை ஸ்டட்டுகள் முதலில் உடைவது இதனால்தான்.

இரண்டாவது துரு. நம் பக்கத்து மழையும் மூடுபனியும் உங்களுக்குத் தெரிந்ததே. சூடான இரும்பில் ஈரம் பட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும். நட்டும் ஸ்டட்டும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது நம்முடைய கை. பொருந்தாத ஸ்பேனர், தேவைக்கு மேல் இறுக்குதல், வராததை முறுக்குதல்.

லீக்கைக் கண்டுபிடிப்பது

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். 'டிக் டிக்' என்ற சத்தம் வந்து, சூடேறியதும் குறைந்தால் மெனிபோல்டில் லீக் இருக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி மூடுவதால்தான் சத்தம் குறைகிறது. டெப்பட் சத்தமும் இப்படி ஏமாற்றும். ஆகவே ஒரு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மெனிபோல்ட் ஓரமாகக் கொண்டு போய்க் கேளுங்கள். பேன் பெல்ட்டில் ஹோஸும் சட்டைக் கையும் மாட்டாமல் கவனம். கெஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அதுவே சாட்சி. இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டிலுக்குள் வேண்டாம்.

வேலை தொடங்கும் முன்

பற்றரி வயரைக் கழற்றுங்கள். ஏர் கிளீனர், கார்புரேட்டர், அதன் கேபிள்கள், பெற்றோல் பைப் ஆகியவற்றைக் கழற்றி, பைப்பின் வாயை அடைத்து விடுங்கள். கார்புரேட்டரைத் தூரத்தில் வையுங்கள். நெருப்பு வைக்கப்போகும் இடத்தில் பெற்றோல் நனைந்த துணிகூட இருக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

பழைய கெஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். காய்ந்தபடி சுரண்டாதீர்கள், காற்றால் ஊதாதீர்கள். தண்ணீர் விட்டு நனைத்துச் சுரண்டி, ஈரத்தோடு ஒரு பையில் கட்டி அகற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இரும்புத் தூள் கண்ணில் விழுந்தால் ஸ்டட்டை விடப் பெரிய செலவு.

உடையாமல் கழற்றுவது

நல்ல மெக்கானிக்குக்கு முதல் அடையாளம் உடைந்ததை எடுப்பதல்ல, உடையாமல் எடுப்பது.

1. முதல்நாளே கம்பி பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். இரவு ஒருமுறை, காலை ஒருமுறை. மெனிபோல்ட் ஆறியிருக்கும்போதுதான் விடவேண்டும். கொதிக்கும் மெனிபோல்டில் விட்டால் தீப்பிடிக்கும்.

2. சரியான ஸ்பேனர். மைனர் 1000இன் இந்த நட்டுகளுக்கு அரை அங்குல ஸ்பேனர்தான். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 போட்டால் 0.3 மில்லிமீற்றர் லூஸ். நான் மூலையைத் தேய்த்தது அதனால்தான். ஆறு மூலை சொக்கட் கிடைத்தால் இன்னும் நல்லது.

3. முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். துருப்பிடிப்பு விடுபடும். பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்தால் திரும்ப எட்டில் ஒரு பங்கு இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் தளர்த்துங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும்.

4. வராவிட்டால் நட்டைக் கேஸ் டோர்ச்சால் சூடாக்குங்கள். விட்ட எண்ணெயை முன்பே நன்றாகத் துடைத்துவிட வேண்டும். நட் விரிந்து பிடி விடும்.

5. அப்படியும் வராவிட்டால் நட்டைத் தியாகம் செய்யுங்கள். ஒரு பக்கத்தை அறுத்து, உளியால் பிளந்து விடுங்கள். நட்டின் விலை சில ரூபாய். ஸ்டட் உடைந்தால் ஒருநாள் வேலை.

கையில் ஒரு உணர்வு வரும். இரும்பு அசைவது வேறு, இரும்பு முறுகுவது வேறு. ரப்பர் போல இழுபடுகிற உணர்வு வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். அடுத்தது 'டிக்'தான்.

உடைந்துவிட்டால்

ஸ்டட் உடைந்துவிட்டது. இப்போது முதல் வேலை, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிளேன்டி குடிப்பது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உடைந்த பிறகு கோபத்தில் செய்கிற அடுத்த வேலைதான் ஹெட்டையே கெடுக்கும். பிறகு வாகனக்காரரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அதன் பின் உடைந்தது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நிலை உண்டு.

முதல் நிலை: ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டைப் போட்டு, ஒன்றோடொன்று எதிரெதிராக இறுக்கிப் பூட்டி, உள்நட்டைத் தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். ஸ்டட் முழுதாகச் சுற்றி வரும். மரை இல்லாவிட்டால் ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்கி, நல்ல வைஸ்கிரிப்பால் பிடித்து ஆட்டுங்கள். ஹெட் வார்ப்பிரும்பு. ஒரே இடத்தை வேகமாகச் சிவக்க வைத்தாலோ, சூட்டில் தண்ணீர் ஊற்றினாலோ வெடித்துவிடும். மெதுவாகச் சூடேற்றி, தானாக ஆறவிடுங்கள்.

இரண்டாம் நிலை: ஹெட்டின் முகத்தோடு மட்டமாக, அல்லது சற்றே நீட்டி உடைந்திருக்கிறது. இதற்கு வெல்டிங்தான் நல்ல வழி. ஸ்டட்டின் மேல் ஒரு வொஷரை வைத்து, அதன் துளை வழியாக வொஷரை ஸ்டட்டோடு வெல்ட் பண்ணுங்கள். அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்ளே நிரப்பி வெல்ட் பண்ணுங்கள். சிவப்பு மறையும்வரை ஆறவிட்டு, இன்னும் சூடு இருக்கும்போதே ஸ்பேனர் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இங்கே வேலை செய்வது நட்டு மட்டுமல்ல. வெல்டிங் சூட்டில் ஸ்டட் வீங்கி, சுற்றியுள்ள இரும்பால் நெருக்கப்பட்டு, ஆறும்போது சுருங்கும். அப்போது துருவின் பிடி உடைகிறது. முதல் தடவை வெல்டிங் விட்டுப்போனால் மனம் தளரவேண்டாம். திரும்பச் செய்யுங்கள். மூன்றாம், நாலாம் தடவையில் வந்தது எத்தனையோ.

வெல்டிங்கில் இரண்டு கவனம். நாகம் பூசிய வெள்ளை நட்டைப் பாவிக்காதீர்கள். அதன் புகை குளிர்காய்ச்சல் போல உடம்பை உலுக்கும். சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் குளோரின் சேர்ந்த திரவம் உண்டு. அது பட்ட இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் கொடிய நச்சு வாயு உண்டாகும். இடத்தை வெறும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுவதே போதும்.

மூன்றாம் நிலை: ஹெட்டுக்குள்ளேயே ஆழமாக உடைந்திருக்கிறது. இதுதான் பொறுமைக்குப் பரீட்சை. டிரில் பண்ணித்தான் எடுக்க வேண்டும். இங்கே எல்லாமே நடுப்புள்ளியில் இருக்கிறது. உடைந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். டிரில் பிட் பள்ளத்துக்கு வழுக்கிப் போகும். ஸ்டட்டின் இரும்பு கெட்டி, ஹெட்டின் வார்ப்பிரும்பு அதைவிட மெது. ஒருமுறை பிட் ஓரத்துக்குப் போனால் ஹெட்டைத்தான் தின்னும்.

எங்கள் பாஸ் செய்தது இதுதான். மெனிபோல்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, நல்ல ஸ்டட்டுகளில் நட் போட்டுப் பிடித்தார். மெனிபோல்டின் துளையில் சரியாகப் பொருந்தும்படி, நடுவில் 3 மில்லிமீற்றர் துளையுள்ள ஒரு சின்ன உருளையை லேத்தில் கடைந்து வாங்கி வந்தார். அதை உள்ளே தள்ளினார். மெனிபோல்டின் துளை ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஆகையால் மெனிபோல்டை நடுவாகப் பார்த்து இறுக்கிய பிறகே டிரில்லைத் தொட்டார். உருளையின் துளை வழியாகப் பிட் போனபோது அங்குமிங்கும் ஓட வழியில்லை. நேராக நடுவில் இறங்கியது.

முதலில் 3 மில்லிமீற்றர். பிறகு உருளையை எடுத்துவிட்டு 4.5, கடைசியாக 6. டிரில் மெதுவாகச் சுற்றவேண்டும். ஒயில் விட்டு, அடிக்கடி வெளியே எடுத்து, தூளை அகற்ற வேண்டும். எவ்வளவு ஆழம் என்று முன்பே கணக்குப் பார்த்து, பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். சில எஞ்சின்களில் துளைக்குப் பின்னால் தண்ணீர் வழி இருக்கும். இடது பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் வாங்கி வையுங்கள். டிரில்லையும் எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு அதைப் பாவித்தால், பல தடவை துளை போடும்போதே ஸ்டட் கழன்று வந்துவிடும்.

6 மில்லிமீற்றர் துளை நடுவில் விழுந்தால் ஸ்டட்டில் மிஞ்சுவது கடுதாசி போன்ற மெல்லிய தோல்தான். கூரான ஊசியால் மரையின் முதல் சுற்றைக் கிளப்பி, மூக்குக் குறட்டால் சுருள் போல இழுத்து எடுக்கலாம். பிறகு மரை டெப்பை ஒயில் விட்டு மெதுவாக ஓட்டி, உள்மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

ஈசி அவுட்: எச்சரிக்கை

கடையில் 'ஈசி அவுட்' என்று ஒரு கருவி விற்பார்கள். இடப்பக்க மரையுள்ள கூம்பு. ஸ்டட்டில் துளை போட்டு அதைத் திருகினால் ஸ்டட் வரும் என்பார்கள். தளர்ந்திருக்கும் ஸ்டட் வரும். சூட்டில் வெந்து துருவேறிய மெனிபோல்ட் ஸ்டட் அப்படி வராது. நல்ல ஸ்டட்டையே உடைத்த முறுக்கை, அதைவிட மெல்லிய ஈசி அவுட் தாங்குமா? கூம்பு உள்ளே போகப் போக ஸ்டட்டை விரித்து இன்னும் இறுக்கவும் செய்யும். அது உடைந்தால் உள்ளே நிற்பது மிகக் கெட்டியான எஃகு. சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கும். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, கார்பைட் பிட் உள்ள இடத்துக்கோ, மின்பொறியால் இரும்பை அரிக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கோ கொண்டு போக வேண்டும். ஆகவே சூடாக்கித் தளர்த்திய ஸ்டட்டுக்கு மட்டும், இரண்டு விரல் பலத்தோடு பாவியுங்கள். வரவில்லையா, எடுத்து வைத்துவிடுங்கள்.

மரை கெட்டுப்போனால்

துளை ஓரம் போய் மரை கெட்டாலும் ஹெட்டை எறிய வேண்டியதில்லை. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருளான உள்மரை ஒன்றைப் பதிக்கலாம். 'ஹெலிகொயில்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதற்கான பிட்டும் டெப்பும் அதே பெட்டியில் இருக்கும். துளை ரொம்பவும் ஓரம் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி, நல்ல லேத் பட்டறைக்குக் கொடுங்கள். எந்த இடத்தில் நம் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்குகிறது என்று தெரிந்திருப்பதும் தொழிலறிவுதான்.

திரும்பப் பூட்டுவது

புது ஸ்டட் வாங்கும்போது ஏமாறாதீர்கள். மைனர் 1000இன் ஸ்டட் 5/16 அங்குலம். அது 7.94 மில்லிமீற்றர். கடைக்காரர் 8 மில்லிமீற்றர் ஸ்டட்டை எடுத்துத் தருவார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரை வேறு. ஹெட்டுக்குள் போகும் முனையில் அங்குலத்துக்கு 18 மரை, நட் போடும் முனையில் 24. 8 மில்லிமீற்றர் ஸ்டட்டை முறுக்கினால் இரண்டு மூன்று சுற்று போகும். பிறகு ஹெட்டின் மரையைச் சீவிவிடும். கையால் சுற்றும்போதே சுகமாகப் போகவேண்டும். போகாவிட்டால் அது அந்தத் துளைக்குரியது அல்ல.

ஒன்று உடைந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுவது புத்தி. மற்றவையும் அதே வயதுதானே. மெனிபோல்டின் முகத்தில் நேரான ஒரு இரும்புச் சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. பட்டறையில் மட்டம் பிடிக்கவேண்டும். வளைந்ததை நட்டால் இழுத்துச் சேர்த்தால் அடுத்த ஸ்டட்டும் உடையும்.

மரையில் சூடு தாங்கும் செப்புக் கிரீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். ஸ்டட்டைக் கையிறுக்கத்தோடு நிறுத்துங்கள். துளை தண்ணீர் வழிக்குப் போகிறதென்றால் கிரீஸுக்குப் பதில் சூடு தாங்கும் சீலன்ட் பூசுங்கள். புதுக் கெஸ்கட் போடுங்கள். முடிந்தால் பித்தளை நட் வாங்குங்கள். அது ஸ்டட்டோடு துருவால் ஒட்டாது. அடுத்த தடவை கழற்றுபவன் உங்களை வாழ்த்துவான். பழைய தடித்த வொஷர்களையே பாவியுங்கள். மெல்லிய வொஷர் வளைந்துவிடும்.

நடுவிலிருந்து தொடங்கி இரண்டு கரைக்கும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கம் 15 இறாத்தல் அடி, அதாவது சுமார் 20 நியூட்டன் மீற்றர். டோர்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் சின்ன ஸ்பேனரால், மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்துங்கள். தோள் பலம் வேண்டாம், பைப் வேண்டவே வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, முழுதாக ஆறிய பிறகு இன்னொருமுறை இறுக்கத்தைப் பாருங்கள். பிறகு ஹோஸ் வைத்துக் கேளுங்கள்.

கூலியும் மானமும்

வாகனக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பழைய ஸ்டட்டுங்க. ஒடையலாம். ஒடஞ்சா இன்னொரு நாள் ஆகும், இவ்வளவு செலவாகும்." முன்னால் சொன்னால் அது எச்சரிக்கை. பின்னால் சொன்னால் சாக்குப்போக்கு ஆகிவிடும். உங்கள் பிழையால் உடைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அன்றைய கூலி குறையலாம். ஆனால் அந்த ஆள் அடுத்த தடவையும் உங்களைத் தேடித்தான் வருவார்.

அந்த மைனரில் நான் உடைத்த ஸ்டட் மாலை ஐந்து மணிக்குத்தான் சுருளாக வெளியே வந்தது. பாஸ் அதை என் கையில் வைத்து, "வச்சுக்க" என்றார். சம்பளத்தில் வெட்டவில்லை. அதை ஒரு சின்ன டின்னில் போட்டு என் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். வேலை பழக வரும் பையன்களுக்கு முதல்நாளே அதைத்தான் காட்டுவேன். "இது ஒடஞ்சா என்கிட்ட வந்து சொல்லு. ஏசமாட்டேன்" என்று சொல்லித்தான் ஸ்பேனரைக் கையில் கொடுப்பேன்.

நினைவில் வைக்க

• முதல்நாளே எண்ணெய், சரியான ஸ்பேனர், முன்னும் பின்னும் ஆட்டம்.
• இரும்பு முறுகும் உணர்வு வந்தால் உடனே நிறுத்து.
• நீட்டியிருந்தால் இரட்டை நட், மட்டமாக இருந்தால் வெல்டிங், ஆழமாக இருந்தால் நடுவில் டிரில்.
• இறுகிய ஸ்டட்டில் ஈசி அவுட் வேண்டாம்.
• புகை கசியும் காரை யாருக்கும் ஓட்டக் கொடுக்காதே.

நீங்களே விடை சொல்லிப் பாருங்கள்

1. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பேனர் ஏன் கூடாது?
2. கரையிலுள்ள ஸ்டட்டுகள் முதலில் உடைவது ஏன்?
3. வெல்ட் பண்ணிய ஸ்டட் சுலபமாகக் கழல்வதற்குச் சூடு எப்படி உதவுகிறது?
4. 8 மில்லிமீற்றர் ஸ்டட்டை 5/16 அங்குலத் துளையில் முறுக்கினால் என்ன ஆகும்?
5. காரில் போகும்போது மட்டும் தலைவலி என்று ஒருவர் சொன்னால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?